லாக்டுலோஸ் சிரப், ரிஃபாக்ஸிமின் மாத்திரை: எங்கள் வீட்டு அனுபவம்

பெரியப்பாவுக்கு சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறிச் சுருங்கிப்போகிற நோய். குடித்ததே இல்லை, சர்க்கரையும் கொழுப்பு ஈரலும் சேர்ந்து இழுத்துவிட்ட வினை (உசிலம்பட்டி சொந்தக்காரர்கள் இன்றுவரை நம்பவில்லை, அது தனிக் கதை). இந்த இரண்டு மருந்தும் வீட்டில் நிரந்தரமாகிவிட்டதால் எழுதுகிறேன்.

சிரப் பாகு பதத்தில் இருக்கும், திகட்டுகிற இனிப்பு. தண்ணீரில் கலந்து கொடுத்தால் இறங்குகிறது. மூடி பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், பாட்டிலைத் துடைக்காமல் வைத்தால் காலையில் எறும்பு வரிசை கட்டி நிற்கும். முதல் வாரம் வயிறு உப்புசம், காற்றுப் பிரிதல், பெரியப்பா படு கடுப்பில் இருந்தார்.

மெடிக்கலில் கேட்டதும் "மலச்சிக்கலா சார்?" என்பார்கள். அதற்கும்தான், ஆனால் எங்களுக்கு இது மூளைக்கான மருந்து. குடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் அம்மோனியாவை நல்ல ஈரல் சுத்தம் செய்துவிடும், சுருங்கிய ஈரலால் முடியாது, அது மூளைக்குப் போகிறது. லாக்டுலோஸ் ரத்தத்தில் சேராமல் பெருங்குடல்வரை போய், அங்கே பாக்டீரியாக்களால் அமிலமாக மாறி, அம்மோனியாவை ரத்தத்துக்குள் போகவிடாமல் மலத்தோடு வெளியேற்றுகிறது. கணக்கு எழுதியே காலம் தள்ளிய மனுஷன், ஒருநாள் கையெழுத்துப் போடத் தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், பகலில் தூக்கம், ராத்திரி முழிப்பு, புத்தியில் குழப்பம். மருந்து பிடித்த பிறகு கையெழுத்து பழையபடி நேராக வந்தது. இப்போது தினமும் காலண்டர் தாளில் ஒரு கையெழுத்து வாங்கி வைக்கிறோம், கோணினால் டாக்டருக்கு போன்.

அளவுதான் சிக்கல். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போக வேண்டும், அதற்கேற்ப டாக்டர் கூட்டிக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். "பேதியாகுதே" என்று சுத்தமாக நிறுத்தினால் குழப்பம் திரும்பும். அதிகம் கொடுத்து நீர்ச்சத்து வற்றினாலும் அதே குழப்பம்தான், மதுரை வெயிலில் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அம்மோனியா மட்டும்தான் வில்லன் என்று நினைத்திருந்தோம், டாக்டர் இன்னொன்றும் சொன்னார். குடலிலிருந்து வரும் ரத்தம் போர்ட்டல் நாளம் வழியாக நேரே ஈரலுக்குத்தான் போகிறது. சிரோசிஸில் குடல்சுவர் கசிகிறது, நல்ல பாக்டீரியாக்கள் குறைகின்றன, கெட்டவற்றின் சிதைவுகளும் நச்சும் உள்ளே கலக்கின்றன, வழக்கமாக அவற்றைப் பிடிக்கும் ஈரலின் காவல் செல்களால் சமாளிக்க முடிவதில்லை. நோய் எதிர்ப்புச் சக்தி ஓயாமல் உசுப்பப்பட்டு உடம்பு முழுக்க அழற்சி. ராத்திரியெல்லாம் குரைத்த நாய் திருடன் வரும்போது தூங்கிப்போகிற கதைதான், நிஜமான தொற்று வந்தால் போராடத் தெம்பிருக்காது. சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கே பெரியப்பா ஆளே மாறிப்போனது இதனால்தான், அழற்சியும் அம்மோனியாவும் சேர்ந்தால் மூளைக்கு இரட்டை அடி.

இங்கேதான் ரிஃபாக்ஸிமின். ஆன்டிபயாடிக்தான், ஆனால் பெரும்பாலும் குடலுக்குள்ளேயே தங்கிவிடும். 2010இல் வெளிவந்த ஆய்வில் 299 நோயாளிகளை ஆறு மாதம் பார்த்தார்கள், மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 22 சதவீதம் பேருக்குத்தான் குழப்பம் திரும்பியது, எடுக்காதவர்களில் 46. பெரும்பாலோர் கூடவே லாக்டுலோஸும் எடுத்தவர்கள், ஆக இது சிரப்புக்கு மாற்று இல்லை, துணை. எங்களுக்கு எழுதியது 550 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று. விலைதான் வயிற்றெரிச்சல், மாதாமாதம் பர்ஸைக் காலி பண்ணுகிறது. பனகல் ரோடு பக்கம் ஒரு கடையில் 400 மில்லிகிராம் மாத்திரையை நீட்டி "எல்லாம் ஒண்ணுதாண்ணே" என்றார்கள், திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அட்டையில் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

அதே கடையில் 'குடலுக்கு நல்லது' என்று ப்ரோபயாடிக் பொடி வேறு தள்ளப் பார்த்தார்கள். டாக்டரிடம் கேட்டால், அதை நம்பி சிரப்பை விட்டுவிடாதீர்கள் என்றார், வாங்கவில்லை. கேஸ் மாத்திரையையும் அவசியம் இல்லாமல் தினமும் போடாதீர்கள் என்றார், வயிற்று அமிலம் குறைந்தால் கிருமிகளுக்குக் கொண்டாட்டமாம்.

சிரப்புக்கு 5க்கு 4, பிசுபிசுப்புக்கும் எறும்புக்கும் ஒன்று போச்சு. மாத்திரைக்கு 4, விலைக்காக. கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அளவு மூடியில் கோடு கழுவக் கழுவ அழிந்துவிடுகிறது, கொஞ்சம் அழுத்தமாகப் போடுங்கள்.