பியூ ஆய்வு மையத்தின் இணையதளம்: டாப்லைனைத் திறந்து படியுங்கள்

அமெரிக்கர்களின் மனப்போக்கை அறிய, கருத்துக்கணிப்புகள் நடத்தும் இந்த அமெரிக்க மையத்தின் தளத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம், கட்டணமும் இல்லை. அரசின் மீதான நம்பிக்கை வரைபடம் ஒன்றே போதும்: 1958-இல் நான்கில் மூன்று பேர் நம்பினார்கள், அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான்.

ஆனால் தலைப்புச் செய்தியோடு நின்றுவிடாதீர்கள். ‘டாப்லைன்’ எனப்படும் முடிவுத் தொகுப்பு பிடிஎஃப்பைத் திறந்தால்தான் கேள்வியின் சரியான வாசகமும் பழைய ஆண்டுகளின் விடைகளும் கிடைக்கும். கேட்ட முறையையும் பாருங்கள். பழையவை பெரும்பாலும் தொலைபேசியில் கேட்டவை. இப்போது பெரும்பாலும் இணையம். மறுமுனையில் ஆள் இருந்தால் தேவாலயம் போவதைக் கூட்டிச் சொல்வார்கள். இரண்டையும் ஒரே கோட்டில் இணைத்தால் இல்லாத சரிவும் தெரியும்.

மூலத் தரவுக்கு இலவசக் கணக்கு தொடங்க வேண்டும். எடை மாறியை, அதாவது மக்கள்தொகைக்கு ஏற்ப ஒவ்வொருவர் விடைக்கும் தரப்படும் மதிப்பை, சேர்க்க மறந்தால் பட்டதாரிகளின் கருத்து ஓங்கிவிடும். 1,000 பேரில் பிழை வரம்பு (முடிவு இருபுறமும் விலகக்கூடிய அளவு) சுமார் 3 சதவீதப் புள்ளி. 100 பேர் கொண்ட துணைக்குழுவில் 10.