18,500 போச்சு: படகு மோட்டாரில் புரொப்பல்லர் இறுகிப்போனவர்கள் கவனத்துக்கு

கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று மாலைதான் விஷயம் முழுசாகத் தெரிந்தது. என்னை மாதிரி இன்னொருவர் மாட்டக் கூடாது என்றுதான் உட்கார்ந்து தட்டுகிறேன். இறுகின புரொப்பல்லரை (தண்ணீரைத் தள்ளிப் படகை ஓட்டும் இறக்கைச் சக்கரம்) எப்படிக் கழற்ற வேண்டும் என்றும் கடைசியில் படிப்படியாக எழுதுகிறேன்.

என்னுடையது 25 குதிரைத்திறன் அவுட்போர்டு, படகின் பின்னால் மாட்டுகிற மோட்டார். ஓடுவது உப்புத் தண்ணீரில். மூன்று வருடமாக புரொப்பல்லரைக் கழற்றி கிரீஸ் வைக்கவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஒரு இறக்கை பாறையில் தட்டி விளிம்பு மடங்கியதால் மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். எஞ்சின் தவறிக்கூட ஸ்டார்ட் ஆகக் கூடாது என்று ஸ்பார்க் பிளக் வயர்களைப் பிடுங்கினேன், பாதுகாப்புச் சாவியையும் எடுத்து வைத்தேன். நட் கழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி உருவினேன். இறக்கைக்கும் மேலே இருக்கும் தட்டைப் பலகைக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்ததும் புரொப்பல்லர் சுற்றாமல் நின்றது, நட் சுலபமாக வந்துவிட்டது. புரொப்பல்லர் மட்டும் ஒரு மயிரிழை அசையவில்லை. புரொப்பல்லரைச் சுற்றும் தண்டான ஷாப்ட் ஸ்டெயின்லெஸ், புரொப்பல்லருக்கு உள்ளே இருக்கும் குழல் பித்தளை. இரண்டுக்கும் நடுவே உள்ள பல்வரிகளில் உப்பு ஏறிப் பூத்துவிட்டால் பற்றவைத்த மாதிரி பிடித்துக்கொள்ளும். துரு இளக்கும் எண்ணெயை இரண்டு நாள் விட்டு ஊறவைத்தேன். இறக்கைகள் சேரும் நடுக்குடத்தை ஒட்டி மரக்கட்டை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றி ரப்பர் சுத்தியலால் தட்டினேன். ம்ஹூம். இன்னும் இரண்டு நாள் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை.

அப்படித்தான் அந்தக் கடைக்குப் போனேன். படகு மோட்டார் சர்வீஸ் என்று பெரிய பலகை, வாசலில் நாலைந்து மோட்டார்கள் தலைகீழாக. அந்த ஆள் (மரியாதை கொடுத்து எழுத மனம் வரவில்லை, மன்னிக்கவும்) புரொப்பல்லரைக் கையால் ஒருதரம் சுற்றிப் பார்த்தான், காதை வைத்துக் கேட்டான். டாக்டர் நெஞ்சில் குழாய் வைக்கிற மாதிரி. எனக்கு அங்கேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

"சூடு வைப்பீங்களா தம்பி? உள்ள ரப்பர் புஷ் இருக்கு, சீல் இருக்கு" என்று கேட்டேன். புஷ்தான் ஷாப்ட் சுற்றுவதைப் புரொப்பல்லருக்குக் கொடுக்கும், சீல்தான் கியர் ஆயில் வெளியே வராமலும் தண்ணீர் உள்ளே போகாமலும் காக்கும்.

"அண்ணே, சூடு வைக்கிறவன்லாம் மெக்கானிக்கே இல்லண்ணே. இங்க பாருங்க." சுவரில் தொங்கிய மூன்று கொக்கி புல்லரை (பிடித்து இழுத்துக் கழற்றும் கருவி) எடுத்து என் கையில் கொடுத்தான். "இத மாட்டி ஒரு இழு. அவ்வளவுதான். நீங்க நிம்மதியா போயிட்டு சாயங்காலம் வாங்க."

அந்தப் புல்லரின் கொக்கிகளில் வாங்கினபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. என் விரல் அந்த உறையைத் தொட்டது. தொட்டும் மண்டையில் ஏறவில்லை. அந்த ஒரு நொடியை நினைத்து நினைத்துத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு தடவைகூட உபயோகிக்காத புல்லரை வைத்து தினமும் புரொப்பல்லர் கழற்றுகிறானாம்! நானும் தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

சாயங்காலம் போனால் வேலை முடிந்து மோட்டார் தயாராக நிற்கிறது. புது புரொப்பல்லர் வேண்டாம், இறக்கையைத் தட்டி நிமிர்த்தியாச்சு, ரப்பர் புஷ் புதுசு, ஷாப்ட் சீல் செட் புதுசு, கியர் ஆயில் புதுசு, கூலி. மொத்தம் 18,500. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தான். கடைப் பெயர்கூட அதில் கிடையாது. ரப்பர் கருகின வாடை லேசாக அடித்தது. புரொப்பல்லருக்குப் பின்னால் கியர் கூடு புதுசாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்துப் பளபளத்தது. தடவினேன், கட்டைவிரலில் ஒட்டியது. "சும்மா அழகுக்கு அடிச்சு விட்டேண்ணே, அதுக்குக் காசு வேணாம்" என்றான். நான் நன்றி வேறு சொன்னேன். பழைய புஷ், பழைய சீல் எங்கே என்றதற்கு "குப்பையில போயிடுச்சுண்ணே." எண்ணி வைத்தேன் 18,500.

மறுநாள் காலை தண்ணீரில் இறக்கினேன். பாதி வேகம் தாண்டவில்லை, கைப்பிடி கிடுகிடுவென்று ஆடியது. இன்னும் கொஞ்சம் முறுக்கினால் எஞ்சின் மட்டும் அலறுகிறது, படகு நகரவில்லை. பின்னால் தண்ணீரில் எண்ணெய் வானவில் மாதிரி விரிகிறது. துடுப்புப் போட்டுத்தான் கரை சேர்ந்தேன். கியர் ஆயில் திருகைத் திறந்தால் வடிந்தது பால் கலந்த மாதிரி வெளுப்பாக இருந்தது. தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

போன் போட்டேன். "கொண்டு வாங்கண்ணே, பார்த்துடலாம்." கொண்டு போனேன். "மறுபடி எங்கயோ தட்டியிருக்கீங்க." எங்கேயும் தட்டவில்லை தம்பி, இருபது நிமிஷம்கூட ஓட்டவில்லை. "அப்ப ஷாப்ட் முதல்லயே வளைஞ்சிருக்கும்." முதலிலேயே வளைந்திருந்தால் நேற்று ஏன் சொல்லவில்லை? "ஓனர் வரட்டும்ணே, பேசிக்கலாம்." அன்றைக்கு "என் கடை" என்றவனுக்கு இன்றைக்கு ஓனர் முளைத்துவிட்டார். ஓனர் வெளியூராம். மறுநாளும் வெளியூராம். அதற்கடுத்த நாள் "பில் கொண்டு வந்தீங்களா?" அந்தத் துண்டுச் சீட்டை நீட்டினேன். "இது எங்க பில்லே இல்லையே" என்றான், அவன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு! வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினேன், ஒரு கட்டைவிரல் பொம்மை வந்தது. அப்புறம் பிளாக்.

நேற்று வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன், வயசானவர். இந்தத் தடவை பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். புரொப்பல்லரை உருவினார். உள்ளே ரப்பர் புஷ் கரிக்கட்டை. புதுசு மாற்றவே இல்லை. கேஸ் டார்ச் காட்டி, பழையதையே எரித்து, அதையே திரும்ப மாட்டியிருக்கிறான். எஞ்சின் சுற்றினாலும் புரொப்பல்லர் வழுக்கியது அதனால்தான். பெயிண்ட்டை நகத்தால் சுரண்டினார், கீழே பொசுங்கின கொப்புளம். ஷாப்ட் நுனியில் மரை நசுங்கியிருந்தது. நட்டைக்கூட மாட்டாமல் இரும்புச் சுத்தியலால் நேராக அடித்திருக்கிறான். ஒரு கம்பியை ஷாப்ட் நுனிக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றினார். ஒரு பக்கம் வரும்போது உரசியது, மறுபக்கம் இடைவெளி. வளைந்துதான் இருந்தது.

இதெல்லாம் போகட்டும். கடைசியாக வாஷரை எடுத்தார். அதற்குப் பின்னால் ஷாப்டைச் சுற்றி மீன்பிடி நரம்பு, உருகி மோதிரம் மாதிரி கெட்டியாகியிருந்தது. நரம்பு சுற்றினால் சீலைத்தான் முதலில் அறுக்கும். அதற்கு அடியில் என் பழைய சீல், உதடு கிழிந்து, அப்படியே உட்கார்ந்திருந்தது. "சீல் மாத்துனதா சொன்னாங்களா? நரம்பையே எடுக்கலியேப்பா" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. புது சீலுக்கும் புது புஷ்ஷுக்கும் சேர்த்துத்தானே 18,500 கொடுத்தேன். ஷாப்டும் புரொப்பல்லரும் இனி நான் புதுசாக வாங்க வேண்டும், அது தனிக் கணக்கு.

படிப்படியாக எழுதுகிறேன் என்று மேலே சொன்னேன். முடியவில்லை, மண்டை கொதிக்கிறது. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் விட்டுவிட்டுப் பொறுங்கள், இரண்டு நாளில் வராதது நாலு நாளில் வரலாம். இறக்கையில் அடிக்காதீர்கள், கியர் கூட்டில் கடப்பாரை கொடுத்து நெம்பாதீர்கள், அது அலுமினியம், உடையும். புல்லர் மாட்டினால் கொக்கி குடத்தில் பிடிக்க வேண்டும், இறக்கையில் அல்ல. நட்டை இரண்டு மூன்று சுற்று மாட்டி வையுங்கள், மரை பிழைக்கும். முன்பக்கத்து வாஷர் கிரீஸில் ஒட்டிக்கொண்டு குடத்தோடேயே வந்துவிடும், அதை மறந்து மாட்டினால் குடம் கியர் கூட்டைத் தின்றுவிடும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கழற்றி கிரீஸ் வையுங்கள், உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் அடிக்கடி.

கடையில் கொடுத்தால் அங்கேயே உட்காருங்கள். பழைய சாமானைக் கையில் வாங்காமல் காசு எடுக்காதீர்கள். கடைப் பெயர் போட்ட பில் வாங்குங்கள். ஈரப் பெயிண்ட்டைப் பார்த்தால் சுரண்டிப் பாருங்கள்.

நாளைக்குக் காலை அந்தக் கரிக்கட்டைப் புஷ்ஷையும் நரம்பு மோதிரத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு அந்தக் கடை வாசலுக்குப் போகிறேன். ஓனர் ஊரிலிருந்து வந்துவிட்டாரா என்று கேட்க வேண்டும்.