மீன் லோடு பிக்கப்புக்கு எந்த பிரேக் பைப்: ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ்ஸா, குப்ரோ நிக்கலா?

தூத்துக்குடி, ராமேஸ்வரம், நாகப்பட்டினம் பக்கம் மீன் ஏற்றும் பிக்கப்பில் பிரேக் பைப் எங்கே துருப்பிடிக்கும் என்று தேடவே வேண்டாம். ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் பாடி இடுக்கு வழியாகச் சொட்டும் இடம்தான்: சேஸிஸ் ஓரமாகப் பின்னால் போகும் நீளப் பைப், பின் ஆக்சில் மேல் ஓடும் இரண்டு குட்டைப் பைப்கள். ஒன்று ஓட்டையானால் மற்றவையும் அதே தண்ணீரைக் குடித்தவைதான். மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள்.

என் தேர்வு குப்ரோ நிக்கல். உப்பே படாத ஊர் வண்டி என்றால் கம்பெனி ஸ்டீல் பைப்பே போதும். வளைத்தே வரும், நட்டும் பிளேரும் (நட்டோடு கசியாமல் உட்கார விரித்துவிட்ட குழாய் முனை) தயாராக இருக்கும், விலையும் குறைவு.

கடற்கரையில் ஸ்டீல் தோற்பது கிளிப் இருக்கும் இடத்தில். அந்தக் கம்பெனி பைப்பான பண்டி டியூப் என்பது ஸ்டீல் தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி, செம்பால் பிரேசிங் செய்த குழாய். வெளியே துத்தநாகப் பூச்சும் அதன்மேல் பிளாஸ்டிக் கோட்டிங்கும் இருக்கும். குழாய் அதிர அதிர கிளிப் விளிம்பு அந்தக் கோட்டிங்கைத் தேய்க்கிறது. கிளிப்புக்கும் குழாய்க்கும் இடையில் சேறும் உப்பும் தங்கி, வெயிலிலும் காயாமல் ஈரமாகவே இருக்கிறது. துரு மேலே பரவாமல் அந்த ஒரு புள்ளியில் உள்நோக்கித் தின்னும். அதனால் மற்ற இடமெல்லாம் புதிது போல இருக்கும் குழாய், அவசரமாக மிதிக்கும் நேரத்தில் கிளிப் அடியில் பிய்த்துக்கொள்ளும். கிளிப்பைக் கழற்றிப் பார்க்காமல் "பைப் நல்லா இருக்கு" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

குப்ரோ நிக்கலில் ஏறக்குறைய 90 சதவீதம் செம்பு, 10 சதவீதம் நிக்கல், கொஞ்சம் இரும்பும் மாங்கனீசும். கப்பல்களில் கடல்நீர் ஓடும் குழாய்க்கு இதே கலவைதான். வோல்வோ 1976லேயே பிரேக் பைப்புக்கு இதை எடுத்துக்கொண்டது. வெடிக்கும் அழுத்தம் ஸ்டீலைவிடச் சற்றுக் குறைவு. ஆனாலும் பிரேக்கில் வரும் அழுத்தத்தைப் போலப் பல மடங்கு தாங்கும். கையால் வளையும் என்பதால் டீசல் டேங்க் மேலே நுழைக்கவும் பாடியைத் தூக்க வேண்டியதில்லை. ஒரே குறை, கல் தெறித்தால் நசுங்கும். கிளிப்பும் ரப்பர் வைத்ததாக இருக்க வேண்டும். வெற்று இரும்பு கிளிப் என்றால் உப்பு ஈரத்தில் கிளிப்பே சீக்கிரம் கரையும்.

ஃபிரிட்ஜ் கடையில் கிடைக்கும் வெறும் செம்புக் குழாயை இதனுடன் குழப்ப வேண்டாம். அதுவும் வளையும், விலையும் குறைவுதான். ஆனால் அதிர்வில் இறுகி, நட்டு ஓரத்தில் விரிசல் விடும். பிரேக்குக்கு அது கூடவே கூடாது.

ஸ்டெயின்லெஸ் பார்க்க அழகு. கடினமானதால் சாதாரண பிளேரிங் செட்டில் டபுள் பிளேர் (முனையை உள்ளே மடித்து இரட்டையாக்கிய பிளேர்) அடித்தால் விளிம்பு வெடிக்கும், உட்காரும் இடத்தில் சரியாகப் படியாமல் கசியும். 304 ரகத்துக்குக் கிளிப் இடுக்கில் தேங்கும் உப்பும் ஆகாது. பட்டறையில் நல்ல ஹைட்ராலிக் பிளேரிங் கருவி இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

வேலைக்கு வருவோம். பெரும்பாலான பிக்கப்பில் குழாய் 4.75 மி.மீ., நட்டு எம்10. பழைய முனையை வெட்டி, டபுள் பிளேரா, குமிழ் போல உருண்ட பபிள் பிளேரா என்று பார்த்த பிறகே புதியதை அடியுங்கள். ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. எவ்வளவு இறுக்கினாலும் கசியும். ஹாக்சா வேண்டாம், டியூப் கட்டரால் வெட்டி உள்ளும் வெளியும் பிசிறு எடுங்கள். பிளேர் அடிக்கும் முன்பே இரண்டு நட்டையும் கோத்துவிடுங்கள். காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகு மாட்டி, பிளேர் நட் ஸ்பேனரால் சுமார் 15 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். பாதிக் குழாயை வெட்டி, டீசல் லைனுக்குப் போடும் ஃபெரூல் ஜாயின்ட்டால் ஒட்டுப்போடுவது உயிரோடு விளையாடுவது.

பழைய பைப்பைக் கழற்றும் முன் பெடலை ஒரு கட்டையால் இரண்டு அங்குலம் அழுத்தி நிறுத்தினால் மாஸ்டர் சிலிண்டர் (மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுவது) துளை மூடி, பிரேக் ஆயில் டேங்கிலிருந்து ஆயில் கொட்டாது. பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிடுங்கள்.

பைப்பில் புகுந்த ஏரை எடுக்க, ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் சக்கரத்தில் உள்ள நிப்பிளைத் திறந்து மூடும் பழைய முறையே போதும்; ஆள் இல்லை என்றால்தான் அழுத்தத்தால் ஆயிலைத் தள்ளும் பிரஷர் பிளீடர். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள், நம் வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் பின் இடது. பெடலைத் தரைவரை மிதிக்க வேண்டாம்; பழைய மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பகுதியில் உள்ள சொரசொரப்பில் ரப்பர் கிழியும். அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள். நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும்.

பலரையும் குழப்புவது பின் ஆக்சிலோடு இணைந்து, லோடுக்கு ஏற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் லோடு சென்சிங் வால்வு. சேஸிஸை ஜாக்கியில் தூக்கி ஆக்சில் தொங்கினால், வண்டி காலியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வால்வு பின்பக்கத்துக்கு ஆயிலைக் குறைக்கும். எத்தனை முறை மிதித்தாலும் பின்னால் ஏர் முழுதாக வராது, பெடல் பஞ்சு போலவே இருக்கும். சக்கரம் தரையில் இருக்கும்போது, அல்லது ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து ஏர் எடுங்கள்.

ஆயில், டேங்க் மூடியில் போட்டிருப்பதுதான், டாட் 3 அல்லது டாட் 4. டாட் 5 சிலிக்கான், அதைக் கலக்கக் கூடாது. ஏபிஎஸ் வண்டியில் டேங்க் ஒருமுறை காலியானாலும் யூனிட்டுக்குள் ஏர் போய், ஸ்கேனர் இல்லாமல் வராமல் போகலாம். பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

கடைசியாக எஞ்சினை ஓடவிட்டு அரை நிமிடம் பெடலை அழுத்திப் பிடித்திருங்கள். மெதுவாக இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் உள்ளே விடுகிறது. ஒவ்வொரு நட்டையும் டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள். முதல் லோடு இறக்கிய பிறகு, வண்டியைக் கழுவும் முன் இன்னொரு முறை.