எஸ்எஸ்டியா, புது மெஷினா, புது லைனா: காசை எங்கே போடுவது?

"நெட் ரொம்ப ஸ்லோ, கம்பெனியை மாத்தணும்" என்று கிளம்புகிற பலரின் வீட்டில் நெட் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். பிரவுசரைத் திறக்கவே ஒன்றரை நிமிடம் எடுக்கும் கம்ப்யூட்டருக்கு 300 எம்பிபிஎஸ் கொடுத்தாலும் அதே ஒன்றரை நிமிடம்தான். புது மெஷினை வாங்கிவிட்டு, எட்டு வருடப் பழைய ரவுட்டரோடு மல்லுக்கட்டுகிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்துக் காசு போகும் முன், கோளாறு எந்தப் பக்கம் என்று பார்த்துவிட வேண்டும்.

தமிழ்நாட்டு வீடுகளில் இன்னும் நிறைய இருக்கும் ஒரு ஜோடியையே எடுத்துக்கொள்வோம். 2014 வாக்கில் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்: நான்காம் தலைமுறை ஐ3, எச்81 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். லைன், தெருக் கேபிள்காரர் கொடுத்த 40 எம்பிபிஎஸ்.

கம்ப்யூட்டரை ஆன் செய்து, எதையும் திறக்காமல் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்று நிற்கும். ஆனால் படிக்கும் வேகம் நொடிக்கு ஒன்று, இரண்டு எம்பி மட்டும் காட்டும். முழு மூச்சாக உழைத்தும் இவ்வளவுதான் வருகிறது என்று அர்த்தம். பெரிய சினிமா ஃபைல் ஒன்றை நேராகப் படிக்கச் சொன்னால் அதே ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பிக்கு மேல் தரும். விண்டோஸ் கேட்பதோ ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே இருக்கும் ஊசி இடம் தேடி நகர வேண்டும். அந்த அலைச்சல்தான் உங்கள் ஒன்றரை நிமிடம்.

அடுத்து லைன். ரவுட்டர் பக்கத்தில் நின்று போனில் ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள், பிறகு கம்ப்யூட்டரில் லேன் கேபிளைச் சொருகிப் போடுங்கள். இரண்டிலும் 38 வருகிறது, ஆனால் கம்ப்யூட்டரில் மட்டும் பக்கம் திறக்கத் தாமதம் என்றால் குற்றவாளி மெஷின். காலையில் 38, இரவு ஒன்பது மணிக்கு 6 என்றால் லைன். போனில் ரவுட்டர் அருகே 38, பெட்ரூமில் 4 என்றால் இரண்டுமில்லை, வைஃபை. அதற்காகக் கம்பெனி மாற்றுவது வீண்செலவு.

மெஷின் பக்கம்

மூன்று வழி இருக்கிறது: இருப்பதில் எஸ்எஸ்டியும் (ஹார்ட் டிஸ்க் வேலையையே செய்யும், ஆனால் ஊசி, சுழலும் தட்டு எதுவும் இல்லாத சிப் டிஸ்க்) ரேமும் போடுவது, கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய டெஸ்க்டாப் வாங்குவது, புதிதாகவே வாங்குவது.

காசுக்கு அதிகம் திருப்பித் தருவது முதல் வழிதான். ரேம், எஸ்எஸ்டி இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் யோசிக்காமல் எஸ்எஸ்டி. சாட்டா எஸ்எஸ்டி (பழைய ஹார்ட் டிஸ்க் சொருகும் அதே கேபிளில் சொருகும் வகை) நொடிக்கு 500 எம்பி என்று பெட்டியில் போட்டிருப்பார்கள், அது முக்கியமில்லை. குட்டி ஃபைல்களில் ஹார்ட் டிஸ்க்கைவிடப் பல மடங்கு வேகம், அதுதான் கண்ணுக்குத் தெரியும். 240 அல்லது 256 ஜிபி போதும். படம், பாட்டு, போட்டோ எல்லாம் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே கிடக்கட்டும். எச்81 போர்டில் எம்.2 ஸ்லாட் கிடையாது, ஆகையால் அந்த ஸ்லாட்டில் உட்காரும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டியை வாங்கிவிட வேண்டாம். நான்கு சாட்டா போர்ட்டில் இரண்டுதான் 6 ஜிபிபிஎஸ் வேகம், எஸ்எஸ்டியை அதில் சொருகுங்கள். போர்டு மேனுவலில் எது என்று இருக்கும், பல போர்டுகளில் நிறமே வேறாக இருக்கும்.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டு செட்டிங்ஸ்) சாட்டா மோட் 'ஐடிஇ' என்று இருந்தால் எஸ்எஸ்டி முழு வேகம் எடுக்காது. அதை 'ஏஎச்சிஐ'க்கு மாற்றும் வேலையை விண்டோஸ் போடுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். போட்ட பிறகு மாற்றினால் நீலத் திரைதான். சேஃப் மோடில் ஒருமுறை பூட் செய்தால் பெரும்பாலும் சரியாகும். அடுத்தது, பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகல் எடுத்து (குளோன் செய்து)விட்டு இரண்டையும் சொருகிய நிலையில் ஆன் செய்வது. மெஷின் பழைய டிஸ்க்கிலிருந்தே பூட் ஆகி, "எஸ்எஸ்டி போட்டும் ஒன்றும் மாறவில்லையே" என்று தோன்றும். முதல் பூட்டுக்குப் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். குளோனைவிட விண்டோஸைப் புதிதாகப் போடுவதே மேல். பத்து வருடக் குப்பையைப் புது வீட்டுக்கு ஏன் தூக்கிப்போக வேண்டும்?

ரேமில் 4 ஜிபியோடு இன்னொரு 4 ஜிபி சேர்த்து எட்டாக்கினால் பிரவுசர், வேர்டு, வீடியோ காலுக்குப் போதும். இந்த போர்டில் இரண்டே ஸ்லாட், அதிகபட்சம் 16 ஜிபி. டிடிஆர்4 ரேமின் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், அழுத்தினாலும் உட்காராது. மலிவு விலையில் ஆன்லைனில் வரும் டிடிஆர்3 ரேம்களில் சில ஏஎம்டி போர்டில் மட்டும்தான் ஓடும். விவரத்தின் கடைசி வரியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் வாங்கினால் அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். புது ரேம் போட்டதும் திரை வராமல் பீப் அடித்தால் பதறாமல் எடுத்து, தங்க நிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து மறுபடி சொருகுங்கள்.

இதே கையோடு இருபது, முப்பது ரூபாய் பொருள் ஒன்றையும் மாற்றிவிடுங்கள்: போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி. அது செத்துப்போனால் ஒவ்வொரு முறையும் தேதி பழைய வருடத்துக்கு ஓடிவிடும். தேதி தப்பானால் பேங்க் சைட், மெயில் எல்லாம் "பாதுகாப்பான இணைப்பு இல்லை" என்று கதவைச் சாத்தும். இதை நெட் பிரச்சினை என்று நினைத்து லைன்மேனை வரவழைப்பது வழக்கமாக நடப்பதுதான்.

இந்த வழிக்கு ஒரு கெடு உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுப் பயனாளர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸரும் வேண்டும். நம் நான்காம் தலைமுறை ஐ3 பட்டியலிலேயே இல்லை. குறுக்கு வழியில் ஏற்றிவிடலாம், பலர் ஏற்றவும் செய்கிறார்கள். நாளை அப்டேட் நின்றால் யாரையும் கேட்க முடியாது. பிரவுசரும் யூடியூபும்தான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் நல்ல வழி. தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும். டாலி கணக்கு சாஃப்ட்வேர் ஓட்டுபவர்கள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் சொருகி ஜிஎஸ்டி வேலை பார்ப்பவர்கள் விண்டோஸிலேயே இருப்பது நிம்மதி.

அவர்களுக்குத்தான் இரண்டாம் வழி. ஆபீஸ்களில் கழித்த டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வகை டெஸ்க்டாப்கள். கடைப் பலகையில் "ஐ7" என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கோட்டுக்குப் பின்னால் நான்கு இலக்கம் என்றால் முதல் எண்தான் தலைமுறை, ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு எண். ஐ7-6700 என்றால் ஆறு, விண்டோஸ் 11 கிடையாது. ஐ5-8500 என்றால் எட்டு, ஆறு கோர், உண்டு. பெயரில் சிறியது, வேலையில் பெரியது. வாங்குமுன் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டுப் பாருங்கள். ஒல்லியான பெட்டி வகையில் பவர் சப்ளை அந்தக் கம்பெனியின் சொந்த அளவு. அது போனால் கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளை (எஸ்எம்பிஎஸ்) உட்காராது. முழு உயர கிராபிக்ஸ் கார்டும் போட முடியாது. பையன் கேம் ஆடுவான் என்றால் இதை விட்டுவிட்டுப் புதிதாக அசெம்பிள் செய்வதே சரி. வேறு எதற்கும் வீட்டுக்குப் புது மெஷின் அவசியமில்லை என்பதே என் கணக்கு.

லைன் பக்கம்

முதலில் வேகக் கணக்கு. எம்பிபிஎஸ் என்பது மெகாபிட், ஃபைல் அளவின் எம்பி மெகாபைட்; எட்டு பிட் ஒரு பைட். ஆக 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 எம்பி. ஒரு 4கே படத்துக்கு 15 முதல் 25 எம்பிபிஎஸ், ஒரு வீடியோ காலுக்கு மூன்று நான்கு. நான்கு பேர் வீட்டுக்கு 100 தாராளம். 100இலிருந்து 300க்குப் போவதில் பெரிய ஃபைல் இறக்குபவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். விளம்பர விலையில் 18% ஜிஎஸ்டி சேர்ந்திருக்காது. 499 என்றால் கையிலிருந்து போவது 588.82.

கேபிள்காரர் லைனில் இரண்டு சாதி. சிலர் ஃபைபரை வீடு வரை இழுத்துவிடுகிறார்கள். சிலர் தெருமுனைப் பெட்டி வரை ஃபைபர், அங்கிருந்து மொட்டை மாடி மாடியாக லேன் கேபிள். இரண்டாவது என்றால் ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் ஆபத்து. எங்கோ விழுந்த மின்னலின் அதிர்ச்சி செம்புக் கம்பி வழியாக வந்து ரவுட்டர் போர்ட்டையும், சில சமயம் மதர்போர்டின் லேன் போர்ட்டையும் சேர்த்துச் சுட்டுவிடும். ஃபைபர் கண்ணாடி, மின்சாரம் கடத்தாது. அதைத் தாங்கும் இரும்புக் கம்பியை மட்டும் வீட்டுக்குள் வருமுன் வெட்டிவிடச் சொல்ல வேண்டும். கேபிள்காரரின் பலம், போன் போட்டால் ஆள் வருவது. பலவீனம், மேலிருந்து அவர் வாங்கும் மொத்த அளவு. இரவு ஒன்பது மணி டெஸ்ட் அதைத்தான் காட்டிக்கொடுக்கும்.

பிஎஸ்என்எல் ஃபைபரைப் பல ஊர்களில் வீட்டுக்கு இழுத்துத் தருவது கூட்டாளியாகச் சேர்ந்த உள்ளூர் ஆட்கள். அதாவது "கேபிள்காரரா, பிஎஸ்என்எல்லா" என்ற கேள்விக்கு உங்கள் தெருவில் விடை ஒரே ஆளாக இருக்கலாம்! அந்த ஆள் நல்லவரா என்பதே கம்பெனிப் பெயரைவிடப் பெரிய விஷயம். லேண்ட்லைன் நம்பரை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி இந்தியாவில் மொபைலுக்குத்தான். பிஎஸ்என்எல்லை விட்டால் முப்பது வருட நம்பரும் போய்விடும். கேஸ், பேங்க், பென்ஷன் ஆபீஸில் கொடுத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

ஜியோ, ஏர்டெல் ஃபைபர் நகரத்தில் நிதானமான தேர்வு. பில், புகார் எல்லாம் ஆப்பில். பல திட்டங்களில் மாதம் 3.3 டிபி வரை முழு வேகம். அதைச் சாதாரண வீடு தொடவே தொடாது. இடிப்பது வேறு இடத்தில். இணையத்தில் வீட்டை அடையாளம் காட்டும் பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தரும் முறையில் இருந்தால், வெளியூரிலிருந்து வீட்டு கேமராவின் பதிவுப் பெட்டியை (டிவிஆர்) போர்ட் ஃபார்வர்டிங் (ரவுட்டரில் வெளியிலிருந்து நேர் வழி திறந்துவிடுவது) மூலம் பார்க்க முடியாது. ரவுட்டரில் தெரியும் ஐபி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் அந்த முறைதான். கேமரா கம்பெனியின் ஆப்பில் க்யூஆர் கோடு ஸ்கேன் செய்து பார்ப்பவர்களுக்குக் கவலையில்லை.

ஏர்ஃபைபர் என்பது பெயரில்தான் ஃபைபர். மாடியில் வைக்கும் 5ஜி ஆன்டெனாதான் அது. ஃபைபர் வராத தெருவுக்கும், அடிக்கடி வீடு மாறும் வாடகைக்காரருக்கும் பொருந்தும். அப்லோடு குறைவு, மாத டேட்டா அளவும் ஃபைபரைவிடக் குறைவாக இருக்கும். எதிரே புதிதாக மூன்று மாடி எழும்பினால் சிக்னலும் போகலாம். ஃபைபர் கிடைக்கிற வீட்டில் இதை எடுக்க ஒரு காரணமும் இல்லை.

எந்த ஃபைபராக இருந்தாலும் மாட்டிவிட்டுப் போகும் ஆளை அனுப்பும் முன் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து ஆப்டிகல் பவரை (ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் அளவு) காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 வரை என்றால் நிம்மதி. மைனஸ் 27ஐத் தாண்டினால் இன்று ஓடும், நாளை மழையில் சிக்னல் இல்லை என்று சொல்லும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னும். ஜன்னல் மூலையில் கேபிளைச் சட்டென மடித்து ஆணி அடித்திருப்பது ஒரு காரணம். பச்சைத் தலை கனெக்டரை நீலத் தலை சாக்கெட்டில் சொருகியிருப்பது இன்னொன்று; பச்சையின் முனை சாய்வாகச் சீவப்பட்டது, நீலத்தின் முனை சாயாதது, இரண்டும் ஒட்டாமல் நடுவே இடைவெளி விழுந்து ஒளி வீணாகும்.

ஸ்பீட் டெஸ்ட் 94, 95லேயே நின்றுகொண்டு 200 திட்டம் வேலை செய்யவில்லை என்றால் கேபிளைப் பாருங்கள். எட்டுக் கம்பியில் நான்கை மட்டும் கிரிம்ப் செய்திருந்தால் 100க்கு மேல் போகாது. கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்கு யூஎஸ்பி வைஃபை டாங்கிளைவிட 15 மீட்டர் கேட்6 கேபிள் ஆயிரம் மடங்கு மேல்.

மாற்றும்போது

பழைய லைனை வெட்டாமல் புது லைனைப் பத்து நாள் ஓட்டிப் பாருங்கள், ஒரு மழையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவும் அதில் வரட்டும். அதற்குள் ஆறு மாதம், ஒரு வருடம் என்று முன்பணம் கட்ட வேண்டாம். புது ரவுட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையுமே வையுங்கள். டிவி, பிரிண்டர், மாமியாரின் டேப்லெட் எல்லாம் தானாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத பழைய சாதனம் இருந்தால் ரவுட்டரில் வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2, 3 கலவைக்கு மாற்றுங்கள். டிவிஆர் மட்டும் காணாமல் போனால் அதன் ஐபியைப் பாருங்கள்: பழைய ரவுட்டர் 192.168.1 வரிசை, ஜியோ பெட்டி 192.168.29 வரிசை. கையால் போட்ட பழைய ஐபி புது வரிசையில் சேராது.

கேபிள்காரர் லைனிலேயே ரவுட்டரை மட்டும் மாற்றுபவர்கள், பெயர், பாஸ்வேர்டு சரியாக இருந்தும் இணைப்பு வரவில்லை என்றால் பழைய ரவுட்டரின் மேக் முகவரியோடு (ஒவ்வொரு சாதனத்துக்கும் கம்பெனி கொடுத்த அடையாள எண்) இணைப்பை அவர் பூட்டி வைத்திருப்பார். போன் போட்டு விடுவிக்கச் சொன்னால் முடிந்தது. கரண்ட் போகும் ஊரில் 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்குமுன் அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். 2 ஆம்பியர் ரவுட்டருக்கு 1 ஆம்பியர் யூபிஎஸ் மாட்டினால் ரவுட்டர் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். பழைய கம்பெனியின் பெட்டியை அடாப்டரோடு திருப்பிக் கொடுத்து, சீரியல் நம்பர் எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அது கையில் இல்லாமல் டெபாசிட் பேச்சை எடுக்க வேண்டாம்.