சிவாஜிநகர் பழைய வாட்ச் கடை: "ஒரு செகண்ட் இருங்க தம்பி"

பெங்களூர் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கத்துச் சந்தில், பாயின் ஸ்டூலும் நாமும் மட்டும் கொள்ளும் அளவுக்கு ஒரு கடை. பெயர்ப் பலகை கிடையாது. பாய் ஆம்பூர்க்காரர். தமிழ், உருது, கன்னடம் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார். அவரிடம் 1,800 ரூபாய்க்கு ஒரு பழைய எச்எம்டி ஜனதா வாங்கி ஒன்றரை மாதம் ஆகிறது.

முதலில் குறை. "ஒரு செகண்ட் இருங்க தம்பி" என்று டீ குடிக்கப் போனவர் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தார். அதுவரை போனில் அந்த வார்த்தையையே தோண்டிக்கொண்டிருந்தேன். லத்தீனில், 60ஆல் வகுத்து வரும் துண்டுக்கு 'பார்ஸ் மினுட்டா ப்ரிமா', அதாவது முதல் சிறு பகுதி என்று பேர். அதில் 'சிறு' மட்டும் மிஞ்சி மினிட் ஆனது. அதையே மறுபடி 60ஆக வெட்டினால் இரண்டாம் சிறு பகுதி. இங்கே 'சிறு' போய் 'இரண்டாம்' தங்கிவிட்டது, அதுதான் செகண்ட். 60 கணக்கு பாபிலோனியர்கள் விட்டுப்போனது.

அப்படியானால் முள் காட்டும் செகண்டும் பழைய சாமானைச் சொல்லும் செகண்டும் ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் கடிகார முள்ளுக்கும் 'ஹாண்ட்' என்றே பேர். பாயின் கண்ணாடிப் பெட்டி முழுக்க செகண்ட் ஹாண்ட் வாட்ச், ஒவ்வொன்றிலும் ஒரு செகண்ட் ஹாண்ட்!

வந்ததும் இதைச் சொன்னேன். "நம்ம பக்கம் விநாடிம்பாங்களே" என்றார். பழைய கணக்கில் விநாடி கொஞ்சம் தாராளம். நாழிகை 24 நிமிஷம், அதில் 60இல் ஒரு பங்கு விநாடி, அதாவது 24 செகண்ட். அந்தக் கணக்கிலும் பாய் 112 விநாடி எடுத்துக்கொண்டார்.

சரி, வாட்சுக்கு வருவோம். சாவி கொடுக்கும் வகை, 17 ஜூவல் (சக்கரங்கள் தேயாமல் சுழல உள்ளே வைக்கும் குட்டிக் கற்கள்). காதருகே வைத்தால் செகண்டுக்கு 5 டிக். முதல் வாரம் நாளுக்கு 40 செகண்ட் முந்தி ஓடியது. திரும்பக் கொண்டுபோனேன். பின்மூடியைத் திறந்து, பாலன்ஸ் சக்கரத்தின் மேலிருக்கும் குட்டி நெம்புகோலை ஊசி முனையால் மயிரிழை தள்ளினார். காசு வாங்கவில்லை. இப்போது 12 செகண்ட்தான் முந்துகிறது. 1967 முதல் செகண்டை சீசியம் அணுவின் 919,26,31,770 அதிர்வுகளை வைத்து அளக்கிறார்கள். எனக்கு ஆபீஸ் பஸ் கிடைத்தால் போதும்.

டயல் மட்டும் ஏமாற்றம். எழுத்துகள் கொஞ்சம் பெரிதாக, மினுமினுவென்று இருந்தன. கேட்டதும் மறைக்காமல், "மறுபடி அச்சடிச்சதுதான்" என்றார். கேட்காமலே சொல்லியிருக்கலாம். ஜாலஹள்ளியில் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி கூட்டில் தொடங்கிய எச்எம்டி வாட்ச் தொழிற்சாலை இப்போது ஓடவில்லை, ஒரிஜினல் டயலுக்கு எங்கே போவது என்பது அவர் நியாயம். எனக்கு அந்த நியாயம் 300 ரூபாய் குறைத்த பிறகுதான் புரிந்தது. சொன்ன விலை 2,100.

வெள்ளி மதியம் போகாதீர்கள், பூட்டியிருக்கும். ஸ்ட்ராப் அவரிடம் கிடையாது, எதிர்க்கடையைக் காட்டுவார்.