தண்டவாளம் கனக்கிறதா? மூன்று ரயில் வெஸ்டர்ன் படங்கள்

அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதை பற்றி ஹாலிவுட் எடுத்த படங்களில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது, எதைப் பார்க்கட்டும் என்று தம்பி கேட்டான். யோசிக்காமல் ‘யூனியன் பசிபிக்’ என்று சொல்லிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகு அவசரப்பட்டுவிட்டோமோ என்று உறுத்தியது. அதனால் அடுத்த மூன்று ராத்திரியும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, ஜான் ஃபோர்டின் ‘தி அயர்ன் ஹார்ஸ்’ (1924), செசில் பி. டெமிலின் ‘யூனியன் பசிபிக்’ (1939), ‘ஹவ் தி வெஸ்ட் வாஸ் வொன்’ (1962) படத்தில் வரும் ரயில் பகுதி மூன்றையும் மறுபடி பார்த்து முடித்தேன். இப்போது பதில் மாறிவிட்டது.

முதலில் நிஜக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் இந்தப் படங்கள் எங்கே நேர்மையாக இருக்கின்றன, எங்கே காதில் பூ சுற்றுகின்றன என்பது பிடிபடாது. 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி இரண்டு கம்பெனிகள் எதிரெதிர் திசையில் இருந்து பாதை போட்டுக்கொண்டு வந்தன. சாக்ரமெண்டோவிலிருந்து கிழக்கே சென்ட்ரல் பசிபிக், ஒமாஹாவிலிருந்து மேற்கே யூனியன் பசிபிக். மைல் கணக்கில் அரசாங்கக் கடன் பத்திரமும் நிலமும் கிடைத்ததால் இரண்டும் வெறிபிடித்த மாதிரி ஓடின. 1869 மே 10 அன்று யூட்டாவில் ப்ரொமன்டரி சம்மிட் என்ற பொட்டல் வெளியில் சந்தித்தன. மொத்தம் 1,776 மைல்.

சரி, படங்களுக்கு வருவோம். மூன்றையும் அளக்க நான் எடுத்துக்கொண்ட கோல் ரொம்ப சாதாரணமானது. படத்தில் தண்டவாளம் கனக்கிறதா? அன்றைக்குப் போட்ட தண்டவாளம் ஒன்று 30 அடி நீளம், 560 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 250 கிலோ. அதைத் தூக்குகிற ஆளின் தோள் திரையில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது ரயில் பின்னணியில் நடக்கும் காதல் கதை, அவ்வளவுதான்.

இந்தக் கோலில் ஃபோர்டு கிட்டே யாரும் வர முடியாது. முப்பது வயதுகூட முழுதாக ஆகாத நிலையில் எடுக்க ஆரம்பித்த படம். அதற்கு முந்தைய வருஷம் பாராமவுண்ட் ‘தி கவர்டு வேகன்’ எடுத்துக் காசு அள்ளியதைப் பார்த்து, நாமும் ஒரு பெரிய படம் காட்டுவோம் என்று ஃபாக்ஸ் கம்பெனி இறங்கியது. நெவாடா பாலைவனத்தில், கடுங்குளிரில், சர்க்கஸ் கம்பெனியின் ரயில் பெட்டிகளை வாடகைக்கு எடுத்து அதற்குள்ளேயே யூனிட் முழுக்கத் தங்கிப் படம் பிடித்தார்கள். அந்தக் குளிர் படத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கட்டையை வரிசையாகப் போட்டு, தண்டவாளத்தை இறக்கி, சம்மட்டியால் ஆணி அடித்து நகரும் காட்சிகள் நடிப்பு மாதிரியே இல்லை, கூலி வேலையாகவே இருக்கின்றன. பாதை முன்னால் போகப் போக சாராயக்கடை, சூதாட்டக் கூடம் என்று ஊரையே பிரித்து ரயிலில் ஏற்றி அடுத்த இடத்தில் இறக்குகிறார்கள் பாருங்கள், நிஜத்திலும் அப்படித்தான் நடந்தது.

கதை என்று பார்த்தால் சின்ன வயதில் அப்பாவைக் கொன்றவனைத் தேடும் மகன் கதைதான். கொன்றவன் பழங்குடி வேஷம் போட்ட வெள்ளைக்காரன், வலது கையில் இரண்டே விரல். (கதையைச் சொல்லிவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம், நூறு வருஷத்துப் படம்.) நடுவில் மூன்று குடிகாரச் சிப்பாய் நண்பர்களின் நகைச்சுவை வருகிறது, கொஞ்சம் நீளம், ஓட்டிவிடலாம். ஆனால் நின்றுபோன ரயிலைத் தாக்க வருகிறவர்களை ஃபோர்டு காட்டும் விதத்தை ஓட்டிவிடாதீர்கள். குதிரைகளை நேராகக் காட்டாமல், ரயில் பெட்டியின் பக்கவாட்டில் ஓடும் அவற்றின் நிழலைக் காட்டுகிறார். சத்தமே இல்லாத படத்தில் அந்த நிழல் எனக்குக் குளம்புச் சத்தமாகக் கேட்டது.

டெமில் ஆள் வேறு. அவருக்குத் தண்டவாளம் ஒரு சாக்கு. பார்பரா ஸ்டான்விக் அயர்லாந்து உச்சரிப்போடு ரயிலிலேயே தபால் வேலை பார்க்கும் பெண்ணாக வருகிறார். அவரைச் சுற்றி இரண்டு பேர், ஒரே போரில் தோளோடு தோள் நின்ற பழைய நண்பர்கள், ஒருவன் கம்பெனியின் ஆள் (ஜோயல் மெக்ரே), மற்றவன் கம்பெனியைக் கவிழ்க்க வந்த கூட்டத்தின் ஆள் (ராபர்ட் பிரெஸ்டன்). சத்தியமாகச் சொல்கிறேன், பிரெஸ்டன் சிரித்துக்கொண்டே எல்லா காட்சியையும் தட்டிக்கொண்டு போய்விடுகிறார், பாவம் மெக்ரே நல்லவனாக மட்டும் நிற்கிறார். சம்பளப் பணம் கொள்ளை, பனியில் கவிழும் ரயில், எரியும் மரப்பாலத்தின் மேல் பாய்ந்து வரும் மீட்பு ரயில் என்று இரண்டே கால் மணி நேரத்தில் மூச்சு விட இடம் கொடுப்பதில்லை.

இதில் ஒரு காட்சியை மட்டும் நிஜத்தின் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஓடும் ரயிலின் மேல் தண்ணீர்த் தொட்டியைக் கயிறு கட்டி இழுத்துச் சாய்க்கிறார்கள் பழங்குடிகள். இன்ஜின் கவிழ்கிறது, சரக்குப் பெட்டிகளை உடைத்து உள்ளே இருப்பதை எல்லாம் வாரி வெளியே போட்டு விளையாடுகிறார்கள். டெமில் அதைக் கோமாளித்தனமாகக் காட்டுவது இன்றைக்குப் பார்த்தால் முகம் சுளிக்க வைக்கிறது. ஆனால் கொள்ளைக்கு முன்மாதிரி உண்டு. 1867 ஆகஸ்டில் நெப்ராஸ்காவின் ப்ளம் க்ரீக் அருகே செயென் பழங்குடி வீரர்கள் தந்திக் கம்பியை அறுத்து, தண்டவாளத்தைப் பெயர்த்து ஒரு சரக்கு ரயிலையே கவிழ்த்தார்கள், பிறகு பெட்டியில் கிடைத்த துணிச் சுருள்களைக் குதிரை வாலில் கட்டிக் காற்றில் பறக்கவிட்டு வெளியெங்கும் ஓடினார்கள். தன் மண்ணின் நடுவே இரும்பைப் போட்டுக்கொண்டு போகிறவன் மேல் கோபம் வருவதற்கு அவர்களுக்குக் காரணம் இருந்தது என்று டெமில் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

இன்னொரு விஷயம் எனக்கு இந்த முறைதான் உறைத்தது. மூன்று படத்திலும் வில்லன் யார் என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். ஃபோர்டு படத்தில் பெரிய நிலக்காரன், பாதை தன் நிலத்து வழியாகவே போக வேண்டும், குறுக்கு வழி யாருக்கும் தெரியக்கூடாது என்று கொலை வரை போகிறவன் (பைபாஸ் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்த எந்த ஊரிலும் இவனைப் பார்க்கலாம்). டெமில் படத்தில் பங்குச் சந்தையில் விளையாடும் ஒரு கற்பனை பேங்கர், கம்பெனியோ பத்தரை மாற்றுத் தங்கம். நிஜத்தில் நடந்தது தலைகீழ். யூனியன் பசிபிக் முதலாளிகளே ‘கிரெடி மொபிலியே’ என்ற பெயரில் ஒரு கட்டுமானக் கம்பெனியை வைத்துக்கொண்டு, தங்களுக்குத் தாங்களே எக்கச்சக்கமாக பில் போட்டுச் சுருட்டினார்கள், வாயை அடைக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு மலிவு விலையில் பங்கு கொடுத்தார்கள், 1872இல் ஒரு நியூயார்க் பத்திரிகை அதைப் போட்டு உடைத்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை. படம் ஒமாஹாவில் வெளியானபோது ஊரே திருவிழா கொண்டாடியது ஏன் என்று புரிகிறது அல்லவா.

மூன்றாவது படத்தில்தான் வில்லன் ரயில்வேயே. ‘ஹவ் தி வெஸ்ட் வாஸ் வொன்’ மொத்தமாக ஒரு குடும்பத்தின் சில தலைமுறைக் கதை. அதில் ஜார்ஜ் மார்ஷல் எடுத்த ரயில் பகுதி அரை மணி நேரம்கூட இருக்காது. பாதை இந்தப் பக்கம் வராது என்று அரபாஹோ பழங்குடி மக்களுக்குக் கொடுத்த வாக்கை ரயில்வே அதிகாரி (ரிச்சர்ட் விட்மார்க்) கூசாமல் மீறுகிறார். அந்த வாக்குக்குச் சாட்சியாக நின்ற ராணுவ அதிகாரி (ஜார்ஜ் பெப்பார்ட்) கையைப் பிசைகிறான். பதிலுக்கு அரபாஹோக்கள் ஒரு காட்டெருமைக் கூட்டத்தையே ரயில்வே முகாமின் மேல் விரட்டிவிடுகிறார்கள். அடித்து நொறுக்கிய பிறகு வரும் அமைதியில் குழந்தை அழும் சத்தம், அதைக் கேட்டும் அசையாத விட்மார்க்கின் முகம். அந்த முகத்துக்காகவே இந்தப் பகுதியைப் பார்க்கலாம். நீண்ட முடியும் மீசையுமாக எருமை வேட்டைக்காரனாக வரும் ஹென்றி ஃபோண்டா, இதெல்லாம் எனக்கு ஆகாது என்பது போல மலைக்குக் கிளம்பிவிடுகிறார்.

ஆனால் அதை எதில் பார்ப்பது என்பதுதான் தலைவலி. மூன்று ஃபிலிம் சுருளில் ஒரே நேரத்தில் பிடித்து, மூன்று புரொஜெக்டரில் வளைந்த பெரிய திரையில் காட்டிய சினிராமா படம் அது. சாதாரண டிவியில் போட்டால் திரை நீளமாகப் பட்டைபோல இருக்கும், மூன்று துண்டும் சேரும் இடம் கோடாகத் தெரியும். நடிகர்களும் எதிரே நிற்பவரை நேராகப் பார்க்க முடியாமல், திரையில் சரியாக வரட்டும் என்று எங்கேயோ பார்த்துப் பேசினார்களாம். ப்ளூ-ரேயில் திரையின் வளைவைக் காட்டும் ‘ஸ்மைல்பாக்ஸ்’ என்ற வடிவம் இருக்கிறது, கிடைத்தால் அதைப் பாருங்கள். செல்போனில் பார்ப்பது வீண். எருமை எறும்பு மாதிரி தெரியும்.

தண்டவாளம் கனக்கிறதா என்ற என் கேள்விக்கு இதில் இடமே இல்லை, ஏனென்றால் இதில் கூலிக்காரர்கள் பின்னணியில் நகரும் உருவங்கள்தான். சரியாகச் சொன்னால், அந்தக் கூலிக்காரர்கள் யார் என்று காட்டுவதில் மூன்று படமுமே கோட்டைவிட்டிருக்கின்றன. சென்ட்ரல் பசிபிக்கில் மலையைக் குடைந்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள், பத்தாயிரத்துக்கும் மேல். 1867 ஜூனில் அவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள், கம்பெனி சாப்பாட்டை நிறுத்தியே அதை உடைத்தது. 1869 ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் பத்து மைல் பாதை போட்ட சாதனையில், தண்டவாளம் தூக்கிய எட்டு அயர்லாந்துக்காரர்களின் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. அதே நாளில் மாடாய் உழைத்த சீனர்களின் பெயர்கள் அதில் இல்லை. ஃபோர்டு படத்தில் சியரா மலையில் அவர்கள் கண்ணில் படுவதாவது உண்டு, கொஞ்சம் கேலியோடு என்றாலும். டெமில் யூனியன் பசிபிக் பக்கத்துக் கதை என்பதால் தப்பித்துக்கொள்கிறார். அந்தச் சாக்கு எனக்குப் போதவில்லை. அந்த வேலைநிறுத்தத்தை வைத்து ஹாலிவுட் இன்னும் ஒரு பெரிய படம் எடுத்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

ஆக, தம்பிக்கு இப்போது என்ன சொல்வது? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்காருவதென்றால் டெமில்தான், யாரும் தூங்க மாட்டார்கள். தனியாக, ராத்திரி, பின்னணி இசையைக் குறைத்து வைத்துப் பார்ப்பதென்றால் ஃபோர்டு. ஒன்றே ஒன்று என்று அவன் பிடிவாதம் பிடித்தால் ஃபோர்டு என்றே சொல்வேன், இரண்டரை மணி நேரம் ஊமைப்படமா என்று அவன் அலறினாலும் சரி. அப்புறம் அந்தப் படத்தின் கடைசியில், இரண்டு இன்ஜின்கள் மூக்கோடு மூக்கு முட்டி நிற்கும் காட்சியில், இவை 1869இல் ப்ரொமன்டரிக்கு வந்த அதே இன்ஜின்கள், ஜூபிடரும் 119ம்தான் என்று எழுத்துப் போடுவார்கள், அதை மட்டும் நம்ப வேண்டாம் என்றும் சொல்லி வைக்க வேண்டும். படம் எடுப்பதற்குப் பல வருஷம் முன்பே இரண்டையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். ப்ரொமன்டரியில் போட்ட தண்டவாளத்தையும் 1942இல் போருக்கு இரும்பு வேண்டும் என்று பெயர்த்து எடுத்துப்போய்விட்டார்கள். இன்றைக்கு அங்கே போனால் ஓடுகிற ஜூபிடரும் 119ம் 1979இல் புதிதாகச் செய்து வைத்தவை.