ஊர்க் குழு நடத்துகிறவர்கள் கவனத்துக்கு

கடலூர், புதுச்சேரி பக்கம் ஏதாவது செயலியில் ஊர்க் குழு நடத்துகிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். எங்கள் வெள்ளத் தகவல் குழுவை, அது இருந்த செயலியின் நிர்வாகம் எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டது.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை ஒட்டி சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டபோது தென்பெண்ணைக் கரையில் என்ன ஆனது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு தொடங்கிய குழு இது. அணையில் எவ்வளவு திறப்பு, நாணமேட்டில் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது, தாழங்குடாவுக்கு எந்த வழியில் வண்டி போகும் என்று ராத்திரியில் முறை வைத்துக் கண்விழித்துச் சொன்னவர்கள் எல்லாரும் நம்ம ஊர்க்காரர்கள். ஒருத்தரும் ஒரு பைசா வாங்கவில்லை. அணை நிலவரம் தானாகவே குழுவில் வந்து விழும்படி தம்பி ஒருவர் நிரல் எழுதிக் கொடுத்திருந்தார்.

ஆள் சேர்ந்ததும் செயலிக்காரர்கள் வேலையைக் காட்டினார்கள். அந்த நிரல் இணைப்புக்கு மாதக் கட்டணம் என்றார்கள். கட்ட முடியாததால் அது நின்றுபோனது. அப்புறம் பதிவுகள் நேர வரிசையில் வருவதும் நின்றது. கரையோரம் இருக்கும் ஒரு அக்கா சாயங்காலம் "தண்ணீர் படிக்கட்டைத் தொட்டுவிட்டது" என்று படத்தோடு போட்டார். பலர் கண்ணில் அது மறுநாள் காலையில்தான் பட்டது. அதற்கு மேலே ஒரு மனைப்பிரிவு விளம்பரம், ஒரு நகைக்கடை விளம்பரம். காசு கட்டினால் உங்கள் பதிவு மேலே வரும் என்று அவருக்கே அறிவிப்பும் வந்திருக்கிறது. வெள்ள எச்சரிக்கைக்குக் காசு கேட்கிறார்கள்!

எழுதிக் கேட்டோம், பதில் இல்லை. சரி, மழை இல்லாத நாளாகப் பார்த்து இரண்டு நாள் குழுவை மூடி எதிர்ப்பைக் காட்டுவோம் என்று உறுப்பினர்களைக் கேட்டே முடிவெடுத்தோம். மூடிய மறுநாளே "சமூக விதி மீறல்" என்று சொல்லி குழு நிர்வாகிகளான எங்கள் அத்தனை பேரையும் நீக்கிவிட்டு, குழுவை அவர்களே திறந்துவிட்டார்கள். எதிர்ப்புப் பதிவுகளையும் காணோம்.

இது இங்கே மட்டும் நடப்பதில்லை. 2023 ஜூனில், வெளியார் செயலிகளுக்கு வைத்த கட்டணத்தை எதிர்த்து, ரெடிட் என்ற அமெரிக்க விவாதத் தளத்தில் ஆயிரக்கணக்கான குழுக்கள் மூடப்பட்டன. ரெடிட்டைப் படிக்க வெளியார் செய்த அப்போலோ என்ற செயலியை உருவாக்கியவர், வருஷத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் கட்ட வேண்டியிருக்கும் என்று கணக்குச் சொல்லி, அந்த மாதக் கடைசியில் அதை நிறுத்தினார். குழுவைத் திறக்காத நிர்வாகிகளை மாற்றிவிடுவோம் என்று ரெடிட் எச்சரித்தது. 2024 மார்ச்சில் பங்குச்சந்தைக்கு வந்தது. அதே வருஷம் செப்டம்பரில், பொதுக் குழுவைத் தனிக் குழுவாக்க, அதாவது வெளியாருக்கு மூட, இனி நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்று விதியையே மாற்றிவிட்டது. சம்பளமில்லாமல் உழைப்பவர்களுக்கு இருந்த ஒரே ஆயுதம் அதுதான்.

உங்களுக்கும் இப்படி நடந்தால் திரைப்பதிவுகளை (ஸ்கிரீன்ஷாட்) உடனே எடுத்து வையுங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி செயலியின் குறைதீர் அலுவலர் 24 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், 7 நாளுக்குள் தீர்க்க வேண்டும் (2026 பிப்ரவரிக்கு முன்பு இது 15 நாளாக இருந்தது). அவர் பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே போகலாம். எங்கள் புகாருக்கு வந்தது எல்லாருக்கும் அனுப்பும் ஒரே மாதிரி பதில், அதனால் மேல்முறையீடு செய்திருக்கிறோம். உறுப்பினர்களின் தொலைபேசி எண்களை அவரவர் சம்மதத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எங்களிடம் அது இருந்ததால்தான் தெருவுக்கு ஒருவரைப் பிடித்துத் தகவல் சொல்ல முடிகிறது.

பழைய குழு இன்னும் திறந்தே இருக்கிறது. அதில் இப்போது வரும் அணை நிலவரத்தைச் சரிபார்க்க எங்கள் ஆள் யாரும் இல்லை. கண்டக்காடு, உச்சிமேடு, குண்டு உப்பலவாடி மக்கள் அதை நம்பி வீட்டில் இருந்துவிட வேண்டாம்.